பழைய பனித்தள்ளுப் பலகையைச் சிறு டிராக்டரில் பூட்டுவது எப்படி

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறைப் பக்கத்தில் உள்ள பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில், வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வந்திறங்கிய உழவு இயந்திரங்களுக்கு நடுவே, நான்கடி அகலத்தில் வளைந்த இரும்புப் பலகை ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. குளிர் நாடுகளில் வீட்டு வாசலில் விழும் பனியை ஒதுக்குவதற்காகச் சிறு டிராக்டரின் முன்னால் பூட்டும் பலகை அது. பினாங்கில் பனி பெய்வதில்லை என்றாலும், ஒதுக்க வேண்டிய செம்மண்ணுக்கும் சேற்றுக்கும், பாதையில் நிரவ வேண்டிய கிரஷர் ரன் எனும் உடைத்த கல்லுக்கும் இங்கே குறைவில்லை. 2017 நவம்பர் 4, 5 ஆம் தேதிகளில் பினாங்கு மாநிலம் முழுவதையும் வெள்ளம் சூழ்ந்து வடிந்தபின், எங்கள் கோயில் வளாகத்தில் கணுக்கால் அளவுக்குப் படிந்திருந்த வண்டலை இரண்டு நாள் மண்வெட்டியால் வாரி ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த இடுப்பு வலி நினைவில் இருந்ததால்தான், கிடங்கில் அந்தப் பலகையைக் கண்டதும் விலை பேசினேன்.

தோட்டம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு ரப்பரும் செம்பனையும்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் பேசுவது வீட்டுக் கொல்லைக்கும் சிறு பழத்தோட்டத்துக்கும் பயன்படும், 15 முதல் 20 குதிரைத்திறன் உள்ள டிராக்டரைப் பற்றி. புல் வெட்டுவதற்காகவே செய்த வண்டியும் வெளித்தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். ஆனால் அதன் சட்டம் மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது. பின் அச்சுப் பெட்டியும் இலகுவானது. அத்தகைய வண்டியில் இந்தப் பலகையைப் பூட்டி மண் தள்ளினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. டிராக்டரின் அடியில் குனிந்து, முன்னிருந்து பின் அச்சு வரை தடித்த இரும்புச் சட்டம் தொடர்ந்து ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஓடவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்துவது நல்லது.

பலகையைச் செய்தவர்கள் பனியை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள் என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். 48 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள பலகையின் முன்னால் குவிந்து சரிந்து நிற்கும் பொருள் ஏறக்குறைய பத்தில் ஒரு கன மீட்டர். புதிதாக விழுந்த பனியாக இருந்தால் அதன் எடை 10 கிலோ அளவில்தான் இருக்கும். நனைந்த மண்ணாக இருந்தால் 170 கிலோவைத் தொடும். ஓட்டுநரையும் சேர்த்து 400 கிலோ எடையுள்ள டிராக்டரின் பின் சக்கரங்கள் ஈரத்தரையில் 120 கிலோ விசைக்கு மேல் தள்ளுவது அரிது; அதற்கு மேல் சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. ஆகவே பலகை முழுக்க மண் நிறையும்படி ஒருபோதும் தள்ளக்கூடாது. குவியலின் உயரம் பாதியானால் அதன் எடை காலாகக் குறைகிறது. பாதி உயரத்தில் நான்கு முறை தள்ளுவதுதான் இந்த டிராக்டருக்கு ஏற்ற வேலை.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். பலகை வாங்கும் உதை டிராக்டரில் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதே அது. முதல் முறை நான் செய்த தவற்றை மறைக்காமல் சொல்கிறேன். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பகுதியில் ஏற்கெனவே துளைகள் இருந்ததால், பலகையை அங்கேயே நேராக முடுக்கிவிட்டேன். மூன்றாம் நாள், புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு சிமெண்டுக் கல்லில் பலகை மோதியது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் இறங்கிப் பார்த்தபோது வார்ப்பிரும்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு குறுக்கே ஓடியிருந்தது, அதன் ஓரத்தில் எண்ணெய் கசிந்து மின்னியது. பட்டறையில் ஐம்பது வருடம் வெல்டிங் செய்த பெரியவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பலகை முன்னால இருக்கலாம், அதோட பாரம் பின்னால போய் நிக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைப் பின்பற்றித்தான்.

டிராக்டரின் வயிற்றில் புல்வெட்டும் தட்டு இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். பலகையைத் தள்ளும் நீளக் குழாய்களான தள்ளுகைகள் ஓடுவதற்கு அந்த இடம் தேவை. பின் அச்சுக்குச் சற்று முன்னால், சட்டத்தின் இரு பக்கமும் 10 மில்லிமீட்டர் தகடு ஒவ்வொன்றை வைத்து, ஒவ்வொரு தகட்டுக்கும் குறைந்தது நான்கு போல்ட்டு போட்டு முடுக்குங்கள். தட்டைத் தொங்கவிட ஏற்கெனவே இருக்கும் கொக்கிகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; அவை எடையைத் தாங்கும், உதையைத் தாங்கா. அந்தத் தகடுகளில் அச்சாணி போட்டு, அங்கிருந்து 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் இரண்டு, 5 மில்லிமீட்டர் கனத்தில், முன் அச்சுக்கு அடியில் சென்று பலகையைப் பிடிக்க வேண்டும். முன்பக்கத்தில் உள்ள தாங்கி, பலகை இடம் வலம் ஆடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தள்ளும் வேலை முழுதும் பின்னால் உள்ள அச்சாணியில்தான் விழ வேண்டும்.

இதில் இரண்டு அளவுகளைப் பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும். பலகை தரையில் இருக்கும்போது தள்ளுகைகள் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின் அச்சாணி மிக உயரத்தில் இருந்தால், மண்ணின் எதிர்ப்பு குழாய் வழியே சரிவாக மேலேறி டிராக்டரைத் தூக்கப் பார்க்கும். பலகை மண்ணில் புதையும், சக்கரத்தின் பிடி குறையும். மற்றொன்று முன் அச்சின் அசைவு. மேடு பள்ளத்தில் அது நடுவிலுள்ள ஆணியில் ஊசலாடும்படி அமைந்திருக்கிறது. ஒரு முன் சக்கரத்துக்கு அடியில் மட்டும் மரக்கட்டையை வைத்து உயர்த்தி, அச்சு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குழாயில் இடிக்காமல் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் குழாயின் கடைசி வெல்டிங்கைப் போட வேண்டும்.

போல்ட்டு விஷயத்தில் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பலகையாக இருந்தால் துளைகள் அரை அங்குலக் கணக்கில், அதாவது 12.7 மில்லிமீட்டரில் இருக்கும்; ஜப்பான் டிராக்டர் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலத் துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட்டு, அதாவது எம் 12, எளிதில் நுழைந்துவிடும். ஆனால் அந்த 0.7 மில்லிமீட்டர் தளர்ச்சி ஒவ்வொரு உதைக்கும் துளையை நீள்வட்டமாக்கும். அரை அங்குலப் போல்ட்டையே வாங்குங்கள் என்று சொல்வேன். வாங்கும்போதும் கவனம் தேவை. பிரிட்டிஷ் காலத்துப் பழக்கத்தால் இங்குள்ள இரும்புச் சாமான் கடைகளில் விட்வொர்த் மரையும் கிடைக்கும், அமெரிக்க மரையும் கிடைக்கும். அரை அங்குலத்தில் முன்னதுக்கு அங்குலத்துக்கு 12 மரை, பின்னதுக்கு 13 மரை. ஒன்றின் நட்டு மற்றதில் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். சரியாக முடுக்கியாயிற்று என்று கை நம்பிவிடும். ஆகவே போல்ட்டையும் நட்டையும் ஒரே கடையில் ஒரே வகையாக வாங்கி, நட்டு விரலாலேயே கடைசி வரை ஏறுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மில்லிமீட்டர் போல்ட்டு போடும் இடங்களில் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்ததை மட்டும் வாங்குங்கள். காய்ந்த மரையில் எம் 12க்கு 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கலாம்.

பலகையில் துருவையும் பழைய பெயிண்டையும் கம்பித் தூரிகை போட்ட கிரைண்டரால் எடுக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். கீல் உள்ள இடங்களையும் முதுகு விலா பலகையோடு சேரும் மூலைகளையும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். டிராக்டரிலேயே வெல்டிங் செய்வதானால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உதை வாங்கும் இணைப்புகளுக்கு 7018 என்ற வகை வெல்டிங் குச்சி நல்லது என்றாலும், நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்த குச்சி ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதில் போட்ட வெல்டிங் பின்னாளில் வெடிக்கும். புதிதாகப் பிரித்த பெட்டியிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

பலகையின் முதுகில் இருக்கும் சுருள்வில்லைப் பலர் தேவையற்றது என்று கழற்றிவிட்டு, பலகையை அசையாமல் பூட்டிவிடுகிறார்கள். மண்ணைத் தள்ளும்போது பலகை அடிக்கடி முன்னால் மடங்குகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த வில் ஏன் இருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 400 கிலோ எடை மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கல்லில் மோதி 2 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரியாக 2 டன் விசை சட்டத்தில் விழுகிறது. வில் மடங்கிக் கொடுத்து 10 சென்டிமீட்டரில் நின்றால் அதே மோதல் 400 கிலோவாகக் குறைகிறது. என் வார்ப்பிரும்பு வெடித்ததற்கு இப்படிப்பட்ட உதையும் ஒரு காரணம். வில்லை அதன் கொக்கிப் போல்ட்டில் முடுக்கி, சுருள்களுக்கு இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்ததும் நிறுத்துங்கள். அப்படியும் மண்ணில் மடங்கினால், தள்ளும் மண்ணைக் குறைப்பதே சரியான வழி. வில்லின் இழுவிசை இருக்கும்போது கொக்கியைக் கழற்றுவது ஆபத்தானது. முடுக்கத்தை முழுதும் தளர்த்திய பிறகே கை வைக்க வேண்டும்.

பலகையைத் தூக்குவதற்குக் கைநெம்புகோல் போதும் என்பது என் கருத்து. கம்பியைச் சுருட்டி இழுக்கும் 12 வோல்ட் வின்ச்சும் போடலாம். போட்டால் பேட்டரிக்கு மிக அருகிலேயே பியூஸ் வைக்க வேண்டும். எதை வைத்தாலும் தூக்கும் இணைப்பில் ஒரு சாண் சங்கிலி இருக்கட்டும். பலகை தரையில் இருக்கும்போது சங்கிலி தளர்ந்து தொங்கினால்தான் பலகை தரையின் ஏற்ற இறக்கத்தோடு தானாக ஏறி இறங்கும்.

முன்னால் பலகையின் எடை கூடியதற்கு ஈடாகப் பின்னால் எடை வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் குளிர் நாட்டாரைவிட வசதி அதிகம். அவர்கள் டயரில் வெறும் நீரை நிரப்பினால் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள், அது சக்கர வளையத்தை அரிக்கிறது. நாம் குழாய்த் தண்ணீரையே நிரப்பலாம். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, முக்கால் பங்கு நீரும் மீதி காற்றுமாக நிரப்புங்கள். இது போதாமல் இருந்தால் பின்னால் ஒரு சிமெண்டுக் கட்டையைத் தொங்கவிடலாம். புல்தரைக்கான வழவழப்பான டயரின் சிறு பள்ளங்கள் சேற்றில் உடனே அடைபட்டுவிடும் என்பதால், ஆழமான கட்டை வைத்த உழவு டயர் இருந்தால் அதைப் போடுங்கள்.

பலகையின் அடி விளிம்பில் தனியாகப் போல்ட்டு போட்ட ஒரு பட்டை இருக்கும். தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அதைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு காலத்துக்கு ஓட்டலாம். கல் பாதையில் நிரவும்போது பலகையைத் தரையிலிருந்து சற்று உயர்த்தித் தாங்கும் இரு ஓரத்துச் சறுக்குக் கால்களையும் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறக்கி வைத்தால் பலகை அடிக்கல்லைப் பெயர்க்காது. கோயில் வாசல் போன்ற சிமெண்டுத் தரையில் வண்டலை ஒதுக்குவதற்கு, பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து ஒரு கையகலத் துண்டை வெட்டி, பட்டையோடு சேர்த்து முடுக்கி, இரும்புக்குக் கீழே இரண்டு விரல் நீட்டிவிடுங்கள். ரப்பர் தரையைக் கீறாது. கையால் வழித்தது போலச் சேற்றைச் சுத்தமாக எடுக்கும்.

முதல் நாள் கட்டாந்தரையில் வேண்டாம். இளகிய மண்ணில், நடைவேகத்தில், பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓட்டிப் பாருங்கள். 30 பாகை சாய்த்தால் 48 அங்குலப் பலகை ஏறக்குறைய 42 அங்குலம்தான் வழிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் முந்தைய தடத்தின் மேல் கொஞ்சம் ஏறி வர வேண்டும். அரை மணி நேரம் கழித்து இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எல்லாப் போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். முதல் முடுக்கில் பெயிண்டும் துருவும் நசுங்கியிருக்கும், எதையாவது ஒன்றைத் தளர்வாகக் காண்பீர்கள். பதிவில்லாத டிராக்டரைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் லாரியில் ஏற்றுங்கள். பலகைக்கு அடியில் கை வைக்க நேர்ந்தால் சங்கிலியை நம்பாமல் இரண்டு மரக்கட்டைகளை அண்டை கொடுத்துவிட்டுக் குனியுங்கள். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, அச்சாணிகளுக்குக் கிரீஸ் அடித்து, பலகையை ஒரு பழைய மரக்கட்டை மீது இறக்கி வைத்துவிடுங்கள். ஈர மண்ணில் இறக்கி வைத்தால் மறுநாள் காலையே விளிம்பில் துரு ஏறியிருக்கும்.