நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முறை

லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய பாசதீனாவில் உள்ள நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் செவ்வாய், புதன் கிழமைகளில் மூடியிருக்கும். மற்ற நாள்களிலும் நண்பகலில்தான் திறக்கும். நேரம் மாறக்கூடும் என்பதால் புறப்படுமுன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயது வரை கட்டணமில்லை.

உள்ளே நுழையுமுன் சேகரித்தவரைப் பற்றிச் சிறிதாவது அறிந்திருப்பது நல்லது. 1920-களில் நொடித்துப்போன ஆரஞ்சுச் சாறு ஆலையொன்றை வாங்கித் தொழிலைத் தொடங்கிய சைமன், பின்னர் ஹண்ட்ஸ் தக்காளிப் பொருள்களால் பெரும் செல்வரானார்; 1970-களின் நடுவில், கடனில் தத்தளித்த பாசதீனா கலை அருங்காட்சியகத்தை ஏற்றுத் தம் சேகரிப்பை அங்கே வைத்தார். ஆகவே கலை வரலாறு முழுவதையும் இங்கே தேட வேண்டாம். ஒரு மனிதரின் ரசனையைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரே நாளில் எல்லா அறைகளையும் சுற்றிவர முயல்வதைவிட, ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1633-இல் தீட்டிய பழங்களின் ஓவியத்துக்கு முன் பத்து நிமிடம் நிற்பது பயனுள்ளது. இடப்புறம் தட்டில் கடாரங்காய் போன்ற தடித்த தோலுடைய பழங்கள், நடுவில் கூடை நிறைய ஆரஞ்சும் அதன் பூக்களும், வலப்புறம் தண்ணீர்க் கோப்பையருகே ஒரு ரோஜா, பின்னால் முழு இருள். பழத்தோலின் சுருக்கங்களில் ஒளி எங்கே படிந்து எங்கே நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். ஆரஞ்சுச் சாற்றில் தொடங்கியவர் இதை வாங்கியது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

பிரெஞ்சுக் கலைஞர் தேகாவின் நடனப் பெண்களைப் பார்த்த பிறகு, கீழ்த்தளத்துக்குச் செல்லுங்கள். 1971-இல் இந்தியா வந்து திரும்பிய பிறகே சைமனுக்கு ஆசியச் சிற்பங்களில் பெரும் நாட்டம் உண்டாயிற்று. சோழர் காலத் திருமேனிகளை முன்னால் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இயன்ற இடத்தில் சுற்றிவந்து பின்னலையும் முதுகையும் பாருங்கள். பீடத்தில் துளைகளோ வளையங்களோ இருந்தால், அவை வீதியுலாவின்போது தண்டு கோத்துத் தூக்குவதற்கும் கட்டி நிறுத்துவதற்கும் அமைந்தவை. திருமுகம் தேய்ந்திருப்பின், நெடுங்கால அபிஷேகமும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இங்கே நாம் மறக்கக்கூடாத பெயர் சிவபுரம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள அவ்வூர்க் கோயிலின் நடராசர், செப்பனிடக் கொடுத்த இடத்தில் போலி ஒன்றை மாற்றிவைத்துக் களவாடப்பட்டு, கடல்கடந்து, சைமன் அறக்கட்டளையிடம் வந்துசேர்ந்தார்; இந்திய அரசு வழக்குத் தொடுத்து, 1976-இல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்பினார்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பதிவு எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சுர்பரான் ஓவியத்தின் எண் ‘எஃப்.1972.06.பி’, அதன் நடுவிலுள்ள 1972 என்பது வாங்கிய ஆண்டு. இதேபோல் ஒரு சிலையின் எண்ணைக் கொண்டு அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடி, அதற்கு எதிரிலேயே நின்றபடி, அது யார் யார் கைமாறி வந்தது என்பதையும் எந்த ஆண்டுக்கு முன் விவரம் இல்லை என்பதையும் பார்த்துவிடலாம்.