கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் மோட்டார், லிமிட் சுவிட்ச் வயர்களை மாற்றும் முறை
குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் பட்டறைகளில் உப்புக்காற்று செம்புக் கம்பியின் முனைகளைப் பச்சை பிடிக்கச் செய்வதால், வயர்களை மாற்றும்போது விலை சற்றுக் கூடினாலும் வெள்ளீயம் பூசிய கம்பியையே வாங்குவது நல்லது.

மின்சாரத்தைத் துண்டித்து, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் அளிக்கும் டிரைவர் என்ற மின்சுற்று இயங்கும்போது, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் வயரைக் கழற்றினால் டிரைவர் எரிந்துவிடக்கூடும். நான்கு வயர் மோட்டாரில் எந்த இரண்டு வயர்கள் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதை, நிறத்தை நம்பாமல், மல்டிமீட்டரால் அறிய வேண்டும்: ஒரே சுருளின் முனைகளுக்கிடையே மின்தடை சில ஓம் அளவே இருக்கும், வெவ்வேறு சுருள்களுக்கிடையே தொடர்பே இராது. மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால், ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றினால் போதும்.

நகரும் பாகம் எல்லையை எட்டியதை உணர்த்தும் லிமிட் சுவிட்சில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். அழுத்தாதபோது மூடியிருக்கும் என்சி முனையில் இணைத்து, இயந்திரத்துக்குக் கட்டளையிடும் கண்ட்ரோலரிலும் அதற்கேற்ப அமைத்துவிட்டால், வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். அழுத்தும்போது மட்டும் மூடும் என்ஓ முனையில் இணைத்தால், வயர் அறுந்தது இயந்திரம் மோதிய பிறகுதான் தெரியும். இவ்வயர்களை வெட்டுக் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வயரிலிருந்து விலக்கி, மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை (ஷீல்டு) கொண்ட ஷீல்டு கேபிளில் கொண்டுசென்று, ஷீல்டைக் கண்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இயந்திரத்தை நகர்த்துமுன் ஒவ்வொரு சுவிட்சையும் கையால் அழுத்தி, கண்ட்ரோலரில் சிக்னல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.