மாதக் கட்டணத்தில் குடும்ப மருத்துவர்: அமெரிக்காவில் டைரக்ட் பிரைமரி கேர் முறையில் சேர்வதற்கான வழிகாட்டி

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தும், சாதாரணத் தொண்டை வலிக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் கிடைக்காமல் காத்திருப்பவர்கள் ஏராளம். பார்த்து முடித்த பிறகும், செலவு எவ்வளவு என்பது சில வாரங்கள் கழித்துத் தபாலில் வரும் பில்லைப் பிரிக்கும்போதுதான் தெரிய வருகிறது. இதற்கு மாற்றாக வளர்ந்து வருவதுதான், மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டி ஒரு மருத்துவரைத் தம் குடும்ப மருத்துவராக வைத்துக்கொள்ளும் உறுப்பினர் முறை. டைரக்ட் பிரைமரி கேர், சுருக்கமாக டிபிசி என்று இதை அழைக்கிறார்கள். இதில் சேர நினைப்பவர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் கட்டும் பணத்துக்குக் கிடைப்பது ஒரு மருத்துவரின் நேரம், காப்பீடு தரும் பாதுகாப்பு இதில் கிடையாது. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைந்துள்ளன.

படி 1: எந்த வகை உறுப்பினர் முறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

உறுப்பினர் கட்டணம் வாங்கும் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. டிபிசி மருத்துவர் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்தப் பில்லையும் அனுப்புவதில்லை. மாதக் கட்டணமே அவருடைய வருமானம். பெரியவர் ஒருவருக்கு மாதம் 50 முதல் 100 டாலர் வரை வாங்குவது பரவலான வழக்கம். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. கான்சியர்ஜ் மருத்துவம் என்பது வேறு. சியாட்டிலில் 1996-இல் தொடங்கப்பட்ட எம்டி ஸ்குவேர்டு போன்ற அமைப்புகள் வழி பரவிய அந்த முறையில் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான டாலர்கள் இருக்கும். அதற்கு மேல் பல மருத்துவர்கள் காப்பீட்டிடமும் பில் அனுப்புவார்கள். மூன்றாவது வகைக்கு, 2023-இல் அமேசான் வாங்கிய ஒன் மெடிக்கல் நிறுவனத்தைச் சொல்லலாம். அங்கே ஆண்டுக் கட்டணம் என்பது செயலி, விரைவான நேர ஒதுக்கீடு, காணொளி ஆலோசனை போன்ற வசதிகளுக்கானது. நேரில் சென்று மருத்துவரைப் பார்த்தால் காப்பீட்டுக்கு வழக்கம்போல் பில் போகும், கோபே எனப்படும் உங்கள் பங்குத் தொகையைக் கட்ட வேண்டியும் வரும்.

ஆகவே தொலைபேசியில் விசாரிக்கும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "உறுப்பினர் கட்டணத்தைத் தவிர, என்னுடைய காப்பீட்டுக்கும் பில் அனுப்புவீர்களா?" இதற்குக் கிடைக்கும் பதிலிலேயே அது எந்த வகை என்பது விளங்கிவிடும்.

படி 2: கட்டணம் எப்படி நேரமாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான முறையில் மருத்துவருக்கு வருமானம் பெரும்பாலும் ஒவ்வொரு சந்திப்புக்கும் அனுப்பப்படும் பில்லிலிருந்து வருகிறது. ஒவ்வொரு பில்லுக்கும் குறியீடுகள் இட வேண்டும், முன் அனுமதி கேட்க வேண்டும், நிராகரிக்கப்பட்டால் மறுபடி அனுப்ப வேண்டும். இதற்கென்றே தனி ஊழியர்களை வைத்திருக்க வேண்டும். இந்தச் செலவை ஈடுகட்ட ஒரு மருத்துவர் 2,000 நோயாளிகள் வரையிலும் அதற்கு மேலும் ஏற்றுக்கொள்கிறார். ஒருவருக்குப் பதினைந்து, இருபது நிமிடங்கள்தான் ஒதுக்க முடிகிறது. தொலைபேசியிலேயே முடிந்துவிடும் காரியத்துக்கும் நேரில் வரச் சொல்லும் பழக்கத்துக்கும் இதுவே முக்கியக் காரணம்.

டிபிசி மருத்துவர் சில நூறு நோயாளிகளோடு நிறுத்திக்கொள்கிறார். பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால், நீங்கள் நேரில் வந்தாலும் குறுஞ்செய்தி அனுப்பினாலும் அவருடைய வருமானம் மாறுவதில்லை. கையில் தடிப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து அனுப்பினால், "இரண்டு நாளுக்கு முன் புதிய சோப்பு எதையாவது பயன்படுத்தினீர்களா? இன்று இந்தக் களிம்பைத் தடவுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் குறையாவிட்டால் நேரில் வாருங்கள்" என்று அன்றே பதில் வரலாம். அரை நாள் விடுப்பும் ஒரு பில்லும் இதனால் மிச்சம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் பணம் உறுதி என்ற நிலையில், அளவுக்கு மீறி உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ள ஒரு மருத்துவமனைக்கு ஆசை வரக்கூடும். எனவே, "ஒரு மருத்துவருக்கு அதிகபட்சம் எத்தனை உறுப்பினர்கள்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. உங்கள் கட்டணத்துக்கான நேரம் உண்மையிலேயே கிடைக்குமா என்பதைக் காட்டும் எண் அது.

படி 3: உள்ளே வருபவை, வெளியே நிற்பவை

பொதுவாக உள்ளே வருபவை: நேர்முகச் சந்திப்புகள், தொலைபேசி மற்றும் குறுஞ்செய்தி ஆலோசனை, ஆண்டுப் பரிசோதனை, நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டு போன்ற நாட்பட்ட நோய்களின் கண்காணிப்பு, சிறு வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுதல், ஈசிஜி. இரத்தப் பரிசோதனைகளைப் பல டிபிசி மருத்துவர்கள் ஆய்வகங்களோடு பேசிவைத்த மொத்த விலையில் செய்து தருகிறார்கள்; வழக்கமான பல பரிசோதனைகள் சில டாலர்களில் முடிந்துவிடும். மாநிலச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் ஜெனரிக் (பிராண்டுப் பெயர் இல்லாத) மருந்துகளையும் மொத்த விலையை ஒட்டி மருத்துவரே கொடுப்பதுண்டு. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் இதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது.

வெளியே நிற்பவை: அவசர சிகிச்சைப் பிரிவு, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை, அறுவை சிகிச்சை, ஸ்பெஷலிஸ்ட், எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன், விலை உயர்ந்த மருந்துகள், புற்றுநோய் சிகிச்சை. மகப்பேறும் பெரும்பாலும் வெளியேதான்.

குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைத் தனியாக விசாரியுங்கள். தடுப்பூசிகளின் விலையும் சேமிப்புச் செலவும் அதிகம் என்பதால் சிறிய டிபிசி மருத்துவமனைகள் பல அவற்றை வைத்திருப்பதில்லை. 2010-ஆம் ஆண்டின் அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளும் நோய்த்தடுப்புப் பரிசோதனைகளும் காப்பீட்டின் நெட்வொர்க்கில் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களின் பட்டியலில்) உள்ள இடங்களில் உங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். டிபிசி மருத்துவர் நெட்வொர்க்கில் இல்லாதவர் என்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் தடுப்பூசிக்கு மட்டும் வேறோர் இடத்துக்குச் செல்ல வேண்டியிருக்கலாம்.

படி 4: காப்பீட்டைக் கைவிடாதீர்கள்

டிபிசி காப்பீடு ஆகாது என்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலம் 2007-இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. மாதம் எண்பது டாலரில் மருத்துவர் கிடைத்துவிட்டார் என்று காப்பீட்டை நிறுத்திவிட்டு, பின்னர் குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்தப் பில் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். மேலும், நிறுத்திய காப்பீட்டை நினைத்த நேரத்தில் திரும்ப வாங்க முடியாது. மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையின் திட்டங்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1 அன்று தொடங்கும் பதிவுக் காலம் வரை காத்திருக்க நேரலாம். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும், தகுந்த காப்பீடு இல்லாதவர்களுக்கு மாநில அளவில் அபராதமும் உண்டு.

டிபிசியோடு சேர்த்து ஹெல்த் ஷேரிங் எனப்படும் செலவுப் பகிர்வுத் திட்டங்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவையும் காப்பீடு அல்ல. உங்கள் பில்லைக் கட்டியே தீர வேண்டும் என்ற சட்டக் கடமை அவற்றுக்கு இல்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் அவற்றை நம்பிக் காப்பீட்டை விடுவது பெரும் அபாயம் என்பதே என் கருத்து.

பொதுவாக, டிடக்டிபிள் (காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகை) அதிகமாகவும் பிரீமியம் குறைவாகவும் உள்ள திட்டத்தோடு டிபிசி நன்றாகப் பொருந்தும். ஹெச்எம்ஓ திட்டம் உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: ஸ்பெஷலிஸ்ட்டிடம் செல்லத் தன் நெட்வொர்க்கில் உள்ள முதல்நிலை மருத்துவரின் ரெஃபரலை (பரிந்துரையை) அந்தத் திட்டம் கேட்கும், டிபிசி மருத்துவர் எழுதித் தரும் ரெஃபரலை அது ஏற்காமல் போகலாம்.

படி 5: உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கடந்த ஆண்டின் பில்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முறை புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நீரிழிவு உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார்; அவருடைய திட்டத்தில் டிடக்டிபிள் 3,000 டாலர். ஒவ்வொரு சந்திப்புக்கும் 180, ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) உள்ளிட்ட பரிசோதனைகளுக்கு 100 எனக் கொண்டால், ஆண்டுக்கு 1,120 டாலர் அவர் கையிலிருந்து போகிறது. டிபிசியில் மாதம் 80 வீதம் 960 டாலர், பரிசோதனைகளுக்கு நான்கு முறை 25 வீதம் 100 டாலர், ஆக 1,060.

வேறுபாடு வெறும் 60 டாலர்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: முதல் கணக்கின் 1,120 டாலர் டிடக்டிபிளில் கழியும், டிபிசிக்குக் கட்டும் 960 டாலர் பொதுவாக அதில் சேராது. அதே ஆண்டில் பெரிய அறுவை சிகிச்சை ஏதும் வந்தால் டிபிசி வழிதான் அதிகச் செலவாகும். அப்படியானால் எதற்காகச் சேர வேண்டும்? சர்க்கரை ஏறும் வாரத்திலேயே மருத்துவரிடம் அளவுகளை அனுப்பி மருந்தை மாற்றிக்கொள்ள முடிவது, அடுத்த சந்திப்புவரை மூன்று மாதம் காத்திருப்பதைவிட உங்களுக்கு எவ்வளவு மதிப்புடையது என்பதைப் பொறுத்தது அது. நாட்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு அந்த மதிப்பு மிகப் பெரியது என்று உறுதியாகச் சொல்வேன். மாறாக, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் செல்லும் ஆரோக்கியமான இளைஞருக்கு, காப்பீடு இலவசமாகத் தரும் பரிசோதனையே போதும்.

படி 6: ஹெச்எஸ்ஏ கணக்கு இருந்தால்

மருத்துவச் செலவுக்கான, வரிச் சலுகையுள்ள இந்தச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள் டிபிசியில் சேர்ந்தால் அதில் பணம் போடும் தகுதியை இழக்க நேரிடும் என்ற சிக்கல் பல ஆண்டுகள் இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் இதை மாற்றியிருக்கிறது. கட்டணம் தனிநபருக்கு மாதம் 150 டாலருக்குள்ளும், ஒருவருக்கு மேல் சேரும் குடும்பத்துக்கு 300 டாலருக்குள்ளும் இருந்தால், ஹெச்எஸ்ஏ தகுதி பாதிக்கப்படாது. அந்தக் கணக்கிலிருந்தே கட்டணத்தைச் செலுத்தவும் செய்யலாம். இந்த வரம்புகள் பின்வரும் ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படும். நிலையான மாதக் கட்டணம் மட்டுமே மருத்துவரின் ஊதியமாக இருக்க வேண்டும், சேவை முதல்நிலை மருத்துவமாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. மாதக் கட்டணத்தோடு ஒவ்வொரு சந்திப்புக்கும் தனியாகப் பணம் கேட்கும் இடமாக இருந்தால், சேர்வதற்கு முன் வரி ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

படி 7: உடன் வாழும் பெற்றோருக்காக யோசித்தால்

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் உள்ளவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் டிபிசி மருத்துவர்கள் பெரும்பாலும் மெடிகேரிலிருந்து முறைப்படி விலகியிருப்பார்கள். இந்த விலகல் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அத்தகைய மருத்துவரிடம் சேரும்போது, அவருடைய சேவைக்கு மெடிகேரிடம் பணம் கோரமாட்டேன் என்ற தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மற்ற மருத்துவர்களுக்கும் மருத்துவமனைக்கும் மெடிகேர் வழக்கம்போல் பணம் கொடுக்கும் என்பதால் பயப்படத் தேவையில்லை.

புதிதாக கிரீன் கார்டில் வந்த பெற்றோரின் நிலை வேறு. இங்கே வேலை செய்து வரி கட்டிய பதிவு இல்லாதவர்கள், 65 வயதைக் கடந்திருந்தாலும், தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வசித்த பிறகே பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அந்த இடைக்காலத்தில் மார்க்கெட்பிளேஸ் காப்பீடு ஒன்றோடு டிபிசியும் இருந்தால், மாத்திரைகளைச் சரிபார்க்கவும் தயங்கித் தயங்கிச் சொல்லும் உபாதைகளைப் பொறுமையாகக் கேட்கவும் ஒரு மருத்துவர் இருப்பார். பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்வதற்கும் நேரம் போதும்.

படி 8: மருத்துவரைத் தேடிப் பேசுங்கள்

டிபிசி ஃபிரன்டியர் என்ற தளத்தின் வரைபடத்தில் உங்கள் பகுதியிலுள்ள மருத்துவமனைகளைப் பார்க்கலாம். அவற்றில் பல, சேர்வதற்கு முன் கட்டணமில்லாத அறிமுகச் சந்திப்பு தருகின்றன. இரவிலும் வார இறுதியிலும் செய்திகளுக்குப் பதில் சொல்வது யார், மருத்துவர் விடுப்பில் சென்றால் யார் பார்ப்பார், ரொக்க விலையில் ஸ்கேன் எடுக்க எங்கே அனுப்புவார்கள் என்பவற்றைக் கேளுங்கள். விலைப் பட்டியலை வெளிப்படையாகக் காட்டத் தயங்கும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாநில மருத்துவ வாரியத்தின் தளத்தில் உரிமத்தையும் சரிபார்த்துவிடுங்கள்.

படி 9: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், பதிவுக் கட்டணம் உண்டா, விலகி மறுபடி சேர்ந்தால் அபராதம் உண்டா, கட்டணத்தை உயர்த்தினால் எப்போது தெரிவிப்பார்கள் என்பவை முக்கியம். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். முதல் ஆண்டில் மாதாமாதம் கட்டுவதே நல்லது. டிபிசியின் முன்னோடிகளில் ஒன்றாக 2007-இல் சியாட்டிலில் தொடங்கி நாடெங்கும் பேசப்பட்ட க்விலையன்ஸ் நிறுவனமே 2017-இல் மூடப்பட்டது. மருத்துவமனை மூடப்பட்டால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 10: சேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை

பழைய மருத்துவரிடமிருந்து உங்கள் மருத்துவப் பதிவேடுகளை எழுத்து மூலம் கேளுங்கள். ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டத்தின் விதிகளின்படி பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் அவற்றைத் தர வேண்டும். முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் வரை நீளக்கூடும் என்பதால், சாப்பிடும் மருந்துகளின் பெட்டிகளையும், சொந்த ஊரில் எடுத்த பழைய பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் எண்ணை வீட்டில் எல்லோருடைய கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். நெஞ்சு வலி, பக்கவாத அறிகுறி போன்றவற்றுக்கு மட்டும் அவருக்குச் செய்தி அனுப்பிக் காத்திருக்காமல் நேராக 911-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அவருக்குத் தகவல் சொன்னால், அங்குள்ள மருத்துவர்களுக்கு உங்கள் மருந்து விவரங்களை அவரே தெரிவிக்க முடியும்.