வைரமும் கிராஃபைட்டும்: களிமண் உருண்டைகளால் கட்டிப் பார்ப்போம்

வைரம், பென்சிலில் உள்ள கிராஃபைட் இரண்டுமே கார்பன் அணுக்களால் ஆனவை. கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. நான்கும் சகப்பிணைப்புக்கு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு) போய்விடுகின்றனவா, ஒன்று மிஞ்சுகிறதா என்பதைப் பொறுத்தே வைரத்தின் குணமும் கிராஃபைட்டின் குணமும் பிரிகின்றன. களிமண், பல்குச்சிகள், 6பி பென்சில், 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, இரண்டு கம்பிகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் உருண்டை ஓர் அணு; குச்சி ஒரு பிணைப்பு.

படி 1: ஓர் உருண்டையில் நான்கு குச்சிகளை, எந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 109.5 பாகை இருக்குமாறு செருகி, முனைகளில் உருண்டைகளைப் பொருத்துங்கள். அவற்றிலிருந்தும் இவ்வாறே நீட்டிக்கொண்டு போனால் கிடைப்பது வைரத்தின் கட்டமைப்பு. எல்லாத் திசைகளிலும் பிணைப்புகள் பின்னியிருப்பதால் ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் வழுக்க வழியில்லை. வைரத்தின் கடினத்தன்மை இதிலிருந்தே வருகிறது.

படி 2: இப்போது உருண்டைக்கு மூன்று குச்சிகள் மட்டும், ஒரே தளத்தில், 120 பாகை இடைவெளியில் செருகி, அறுங்கோண வலைகளாக இரண்டு தாள்கள் செய்யுங்கள்.

படி 3: தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடியுங்கள்; இடையே குச்சி செருகக் கூடாது. தாளுக்குள் பிணைப்பு நீளம் 0.142 நானோமீட்டர், தாள்களுக்கு இடைப்பட்ட தூரமோ 0.335 நானோமீட்டர் என்பதால், உங்கள் குச்சி 6 செ.மீ. என்றால் மேல்தாள் ஏறத்தாழ 14 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பாடப் படங்கள் பலவற்றில் இவ்வளவு இடைவெளி தெரிவதில்லை. அந்த வெற்றிடத்தைத் தாண்டி இழுப்பது வலுவற்ற வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே. பென்சிலால் காகிதத்தில் எழுதும்போது அடுக்குகள் உரிந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஆனால் கிராஃபைட் மென்மையானது என்பது பாதி உண்மைதான்: வைரத்தின் பிணைப்பு நீளம் 0.154 நானோமீட்டர், அதைவிடக் குட்டையான கிராஃபைட்டின் உள்தாள் பிணைப்பு உண்மையில் கூடுதல் வலிமையுடையது.

படி 4: பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும். 20 அறுங்கோணங்களுடன் 12 ஐங்கோணங்களைச் சேர்த்தால் வலை வளைந்து, 60 அணுக்கள் கொண்ட மூடிய கூண்டாகிவிடும். 1985-இல் கண்டறியப்பட்ட ஃபுல்லரின் இதுவே.

படி 5: பிணைப்பில் சேராத நான்காவது எலக்ட்ரான் கிராஃபைட் தாள் முழுவதும் உலவுவதால் மின்சாரம் பாயும்; வைரத்தில் அப்படி ஒன்று மிஞ்சுவதில்லை. இதைச் சோதிக்க, காகிதத்தில் 2 செ.மீ. நீளப் பட்டையைப் பென்சிலால் அழுத்தித் தீட்டுங்கள். எல்இடியின் நீளக் காலைப் பேட்டரியின் நேர்முனையுடன் இணைத்து, குட்டைக் காலைப் பட்டையின் ஒரு நுனியிலும், எதிர்முனைக் கம்பியை மறு நுனியிலும் வையுங்கள். பட்டையே மின்தடையாகச் செயல்படுவதால், அதை விட்டுவிட்டு எல்இடியை நேரடியாகப் பேட்டரியில் இணைத்தால் அது கருகிவிடும். வெளிச்சம் மங்கலாக இருந்தால் பட்டையை இன்னும் கருமையாகத் தீட்டுங்கள்; எச் வகைப் பென்சில்களில் களிமண் மிகுதியாகக் கலந்திருப்பதால் அவை இதற்கு உதவா.