கல்லடைப்பு வலியும் அந்த ரெண்டு மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வெயில் ஏறி மாங்காய் லோடு போகத் தொடங்கினால், கல்லடைப்பு வலியோடு வருகிறவர்களும் கூடிவிடுவார்கள். விலாவுக்குக் கீழே முதுகை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், "அண்ணா, போன தடவை வாங்கின அதே மாத்திரை ரெண்டு குடுங்க" என்பார்கள். சீட்டு இருக்காது. கேட்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்.

அந்த மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 முதல் 30 செ.மீ. நீளம். உள்ளே விட்டம் 3, 4 மி.மீ.தான். அதன் சுவரில் இருக்கும் தசை மேலிருந்து கீழாக அலை அலையாகச் சுருங்கித்தான் சிறுநீரைத் தள்ளுகிறது. கல் வந்து அடைத்ததும் பின்னால் சிறுநீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. உடனே சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறையச் சுரக்கிறது. அது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தக்குழாயை விரிக்க, சிறுநீர் இன்னும் கூடுகிறது. குழாயின் தசையும் இறுகித் துடிக்கிறது. உயிர் போகும் வலி இதிலிருந்துதான் வருகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. இதை 1971-இல் கண்டுசொன்ன ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. தசைத் துடிப்பு அடங்கி உள் அழுத்தமும் குறைவதால்தான், கல்லடைப்பு வலிக்கு டாக்டர்கள் முதலில் இந்த மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள்.

சரி, வலி நின்றுவிட்டது. கல்? அது பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். இந்த மருந்து கல்லைக் கரைக்காது, தள்ளியும் விடாது. நான் பார்த்ததில் மோசமான தவறு இங்கேதான் நடக்கிறது. எங்கள் ஊர் தக்காளி மண்டிக்குச் சரக்கு கொண்டுவரும் ஒருவர், மூன்று தடவை வலி வந்து மூன்று தடவையும் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் மாதக்கணக்கில் வலியே இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் கல் அடைத்து ஒரு பக்கச் சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருப்பது தெரிந்தது. ஸ்கேன் படத்தைக் கவுன்ட்டரில் விரித்துவைத்துக்கொண்டு, "வலிக்கவே இல்லையேண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முழுக்க அடைத்த சிறுநீரகம் கொஞ்ச நாளில் மௌனமாகிவிடலாம். வலி நின்றாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடுவது. டைக்ளோஃபெனாக் போட்டு அரை மணியில் கேட்கவில்லை என்று வீட்டில் இருக்கும் 'ஸ்பாஸ்' மாத்திரையையும் விழுங்குகிறார்கள். அப்படிப் பல மாத்திரைகளில் மெஃபனமிக் ஆசிட் கலந்திருக்கும். அதுவும் இதே இனம்தான். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுமே தவிர நிவாரணம் கூடாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

வலியின் உச்சத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் குடிப்பது, பீர் குடித்தால் கல் விழும் என்று நம்புவது, இரண்டும் வேண்டாம். அடைத்த குழாய்க்குப் பின்னால் இன்னும் நீரை ஏற்றினால் அழுத்தம்தான் கூடும். தாகத்துக்குக் குடித்தால் போதும். நிறையக் குடிப்பது வலி இல்லாத நாட்களில் செய்ய வேண்டிய வேலை.

கல் குவாரியிலும் செங்கல் சூளையிலும் நாளெல்லாம் காய்ந்துவிட்டு வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காப்பது அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அந்த நேரத்தில் அதைத் தடுத்தால் சிறுநீரகம் அடி வாங்கும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும்முன் அந்த நிலத்தடி நீரைக் குடித்தே மூட்டும் முதுகும் பிடித்துப்போன பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. தினம் ஒரு வலி மாத்திரை பழக்கமாகிவிட்ட அவர்களுக்கு, கல் வலி என்று அதன்மேல் இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியிருப்பவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வயதான ஆண்களுக்கு இன்னொன்று. சிறுநீர்ப்பையின் தசை சுருங்கவும் புரோஸ்டாகிளாண்டின் உதவுகிறது. புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கம் இருப்பவர் இந்த மாத்திரையைப் போட்டபின் சிறுநீர் சொட்டுச் சொட்டாகி அடைத்துக்கொண்டால், அதற்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கல் வலியோடு குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால் மாத்திரையே கேட்காதீர்கள். இந்த மருந்து காய்ச்சலையும் அமுக்கிவிடும். அடைத்த சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருப்பது வெளியே தெரியாது. சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவிவிடலாம். விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்ல அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.