பூச்சிமருந்து நஞ்சில் மூச்சைக் காப்பது எப்படி?

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தை அருந்திய ஒருவரைக் கடலூர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரும் உறவினர்கள், பெரும்பாலும் முதலில் கேட்பது வயிற்றைக் கழுவச் சொல்லித்தான். பணியிலிருக்கும் இளம் மருத்துவர் அதற்கு உடனே இணங்கிவிடக் கூடாது. இந்நஞ்சில் உயிரை முதலில் பறிப்பவை நுரையீரலில் பெருகும் சுரப்பும் தளர்ந்துபோகும் மூச்சுத் தசைகளுமே.

கையுறை அணிந்து, மருந்தில் நனைந்த உடைகளை அகற்றச் செய்து, நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடத்தி, வாயிலுள்ள நுரையை சக்‌ஷன் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆக்சிஜன் கொடுங்கள்; ஆனால் சிலிண்டர் வரட்டும் என்று நஞ்சின் விளைவை முறிக்கும் அட்ரோபின் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியவர்களுக்கு முதல் அளவு 1.8 முதல் 3 மி.கி., அதாவது 0.6 மி.கி. ஆம்பூல் 3 முதல் 5 வரை, சிரைவழியாக. 5 நிமிடத்தில் பயன் தெரியாவிட்டால் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே செல்ல வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. கண்பாவை விரிந்ததா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்பதே நம்பத்தக்கது: இருபுறமும் கொறகொறப்பும் இழுப்பும் நீங்கி, நாடித்துடிப்பும் சிஸ்டாலிக் (மேல் அளவு) ரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டினால் போதும். வலப்பக்க அடியில் மட்டும் ஒலி எஞ்சினால், வாந்தி புரையேறியிருக்கலாம். அதை அட்ரோபின் போக்காது. பிறகு, மொத்தம் செலுத்திய அளவில் 10 முதல் 20 விழுக்காட்டை மணிதோறும் சொட்டாக ஏற்றலாம். காய்ச்சல், பிதற்றல், குடலொலி அடங்குதல் ஆகியவை கூடித் தென்பட்டால் அட்ரோபின் மிகுந்துவிட்டது என்று பொருள். சொட்டை நிறுத்தி, அவை தணிந்தபின் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்.

நினைவு மங்கினாலோ மூச்சு மேலோட்டமானாலோ மூச்சுக்குழாயில் ட்யூப் போடத் தயங்காதீர்கள். ட்யூப் போடுமுன் தசைகளைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலினை உடைக்கும் நொதியையும் இந்நஞ்சு முடக்குவதால் தசைத்தளர்ச்சி மணிக்கணக்கில் நீளக்கூடும், அதற்கு மாற்றாக ரோகுரோனியமே உகந்தது. வயிற்றைக் கழுவுவதா என்ற பேச்சு மூச்சுப்பாதை காக்கப்பட்ட பின்னரே எழ வேண்டும்.

தெளிந்து பேசுபவரிடமும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க இயலாதவருக்கு, குறிப்பாக 24 முதல் 96 மணி நேரத்துக்குள், மூச்சுத் தசைகள் திடீரெனத் தளரலாம். அவரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புவதானால், புறப்படுமுன் ட்யூப் தேவையா என்று முடிவெடுத்து, கையால் அழுத்தி மூச்சூட்டும் ஆம்பு பை, சக்‌ஷன், அட்ரோபின் ஆம்பூல்களுடன் பயிற்சி பெற்ற ஒருவரையும் ஆம்புலன்சில் உடன் அனுப்ப வேண்டும்.