லாபுக்குக் கொடுக்கும் முன்: டிஜிட்டல் படத்தைப் பிரிண்டுக்குத் தயார்செய்து கூர்மையாக்கும் முறை

போனில் பளிச்சென்று இருந்த படம் கலர் லாபிலிருந்து மங்கலாகவோ இருண்டோ வந்தால் முதலில் திட்டு வாங்குபவர் லாப்காரர்தான். பெரும்பாலும் பிழை அவருடையது அல்ல. அவருடைய இயந்திரம் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கற்றைகளால் ஒளியுணர் தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வீதம் எழுதுகிறது. நாம் கொடுக்கும் கோப்பில் இல்லாத எதையும் அதனால் எழுத முடியாது. கிளிநொச்சியில் கொடுத்தாலும் வவுனியாவில் கொடுத்தாலும், படத்தின் தரத்தில் பெரும்பங்கு அது நம் கணினியை விட்டுப் புறப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இங்கே நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற இலவச மென்பொருளின் 2.10 பதிப்பு. பழைய மடிக்கணினியிலும் ஓடும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் ஒழுங்கு இதுதான்: வெட்டுதல், வெளிச்சம், அளவு மாற்றுதல், கூர்மையாக்கல். கூர்மையாக்கல் எப்போதும் கடைசி. 4×6 அங்குலத் தாளுக்குக் கூர்மையாக்கிய படத்தை 12×18க்குப் பெருப்பித்தால், செய்த கூர்மையும் சேர்ந்து பெருத்து அசிங்கமாகத் தெரியும்.

மூலக் கோப்பு

வெளிநாட்டிலிருக்கும் சித்தப்பா வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அப்படியே லாபுக்குக் கொண்டுபோகாதீர்கள். வட்ஸ்அப் வழக்கமாகப் படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் நெரித்தே அனுப்புகிறது. 4×6 பிரிண்டுக்கு அது ஒருவாறு போதும். 8×12 என்றால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும். நெரித்ததால் உண்டான சதுரக் கட்டங்களையும் கூர்மையாக்கல் எடுத்துக் காட்டிவிடும். அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு குறைவில்லாமல் வந்துசேரும்.

கோப்பைத் திறந்ததும் கொன்ட்ரோல் விசையோடு டி அழுத்தி ஒரு பிரதி எடுத்து, மூலத்தை மூடிவிடுங்கள். வேலை எல்லாம் பிரதியில்தான்.

வெட்டுதல்

பெரும்பாலான போன்கள் 4:3 விகிதத்தில் படம் எடுக்கின்றன. 4×6, 8×12, 12×18 தாள்களோ 3:2 விகிதம். 4000×3000 பிக்சல் படம் 4×6 தாளில் அமர வேண்டுமானால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போயாக வேண்டும். நீங்கள் வெட்டாவிட்டால் இயந்திரம் வெட்டும். அதற்குப் பின்வரிசையில் நிற்கும் மாமாவின் தலையும் ஒன்று, வெறும் சுவரும் ஒன்று. கல்யாணவீட்டுக் குழுப் படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. 8×10 கேட்டால் விகிதம் 5:4. அப்போது வெட்டுப்படுவது இரு பக்க ஓரங்கள்.

கிம்பின் வெட்டும் கருவியில் ‘ஃபிக்ஸ்ட்’ என்பதைத் தெரிந்து, பெட்டியில் 3:2 என்று எழுதிவிட்டு வெட்டுங்கள். ஓரம் விடாத பிரிண்டில் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் இயந்திரத்தில் போய்விடும். ஆகவே முகத்தையோ எழுத்தையோ விளிம்போடு ஒட்டி வைக்க வேண்டாம்.

வெளிச்சமும் நிறமும்

படம் இருண்டு வருவதற்கு முக்கியக் காரணம் திரையின் வெளிச்சம். திரை தானே ஒளிர்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியை மட்டுமே திருப்பித் தருகிறது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். அதன் பிறகு ‘லெவல்ஸ்’ பெட்டியில் நடுவிலுள்ள முக்கோணத்தை இடப்புறம் கொஞ்சம் நகர்த்தினால் முகங்கள் தெளியும். வேட்டியின் மடிப்புகள் வெள்ளையில் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிற வெளி, அதாவது கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு, எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். கமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்தவர்கள் ‘இமேஜ்’ பட்டியலின் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் கொடுத்தால், நிற வெளியைக் கவனியாத லாபில் செம்மண்ணும் பட்டுச் சேலையும் சாயம் போனதுபோல் வரும்.

அளவு மாற்றுதல்

‘ஸ்கேல் இமேஜ்’ பெட்டியில் ரெசல்யூஷன் 300. 4×6க்கு 1800×1200 பிக்சல், 8×12க்கு 3600×2400. 12×18க்கு 5400×3600 வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படத்தில் அவ்வளவு கிடையாது, அங்குலத்துக்கு 222 அளவில்தான் நிற்கும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அதுவே போதும்.

கூர்மையாக்கல்

‘ஃபில்டர்ஸ்’ பட்டியலில் ‘என்ஹான்ஸ்’, அதற்குள் ‘ஷார்ப்பன்’. இது செய்வது அன்ஷார்ப் மாஸ்க் என்ற பிலிம் காலத்து இருட்டறை உத்தி. படத்தின் மங்கலான பிரதியோடு மூலத்தை ஒப்பிட்டு, விளிம்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, விளிம்பின் இருண்ட பக்கத்தை இன்னும் இருட்டாக்குகிறது, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளிறச் செய்கிறது. கண்ணுக்கு அது கூர்மையாகத் தோன்றும். புதிய விவரம் எதுவும் பிறப்பதில்லை. குலுங்கிப்போன படத்தை இது காப்பாற்றாது.

மூன்று அளவுகளைத் திருப்ப வேண்டும். ‘ரேடியஸ்’ அந்த இருட்டு வெளிச்சப் பட்டையின் அகலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் உள்ள பிரிண்டுக்கு 1 முதல் 1.5. கிம்ப் தானாக வைத்திருக்கும் 3 இந்த வேலைக்கு அதிகம். ‘அமௌன்ட்’ எவ்வளவு பலமாக என்பது. ‘திரெஷோல்ட்’ எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அதை விளிம்பாகக் கொள்வது என்பது.

இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பக்கத்து வயல்வெளி போன்ற படத்துக்கு ரேடியஸ் 1, அமௌன்ட் 1 அளவில் தொடங்கலாம். கதிர்களும் வரம்புகளும் எழும்பி நிற்கும். ஆனால் பூநகரி வீதிப் பனைகளை வானத்துக்கு எதிரே எடுத்திருந்தால் கை அடங்க வேண்டும். ஓலை நுனிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் அது தாளிலும் தெரியும். அமௌன்டை 0.6க்கு இறக்குங்கள்.

முகங்களுக்கு 0.6 முதல் 0.8 போதும். திரெஷோல்டை 0.02 அளவில் தொடங்கி, கன்னத்திலுள்ள மணல் போன்ற புள்ளிகள் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலின் இரவுக் காட்சி போன்ற இருட்டுப் படங்களில் இந்தப் புள்ளிகள் நிறைய இருக்கும். அவற்றுக்கு வெளிச்சம் திருத்தும் கட்டத்திலேயே ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ மெதுவாகக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கூர்மையாகிறது புள்ளிதான், அம்மனின் அலங்காரம் அல்ல.

இதையெல்லாம் படத்தின் மேலே அதன் நகலை ஒரு லேயராக, அதாவது தனி அடுக்காகப் போட்டு, அந்த லேயரின் மோடை ‘லூமினன்ஸ்’ ஆக்கிச் செய்வது நல்லது. நிறங்கள் விளிம்பில் பிசிறாது. லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற ‘ஒபாசிட்டி’யைக் குறைத்துக் கூர்மையையும் தணிக்கலாம்.

படத்தைத் திரையில் 50 சதவீத ‘ஸூம்’ அளவில் வைத்துப் பாருங்கள். 100 சதவீதத்தில் சற்றே கடுமையாகத் தெரிவது தாளில் சரியாக வரும். மினுக்குத் தாளைவிட மினுங்காத மற் தாள் கூர்மையைக் கொஞ்சம் விழுங்கும். அதற்குச் சிறிது கூட்டலாம்.

சோதனைத் துண்டு

பெரிய பிரிண்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். 8×12க்குத் தயார்செய்த படத்தில் முகம் உள்ள 900×600 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டி, நான்கு வெவ்வேறு அமௌன்டில் கூர்மையாக்குங்கள். 1800×1200 பிக்சல் கொண்ட புதிய கோப்பில் நான்கையும் பக்கம் பக்கமாக ஒட்டி, மூலையில் இலக்கமிட்டு, ஒரே ஒரு 4×6 பிரிண்ட் எடுங்கள். பெரிய படத்தில் கிடைக்கப்போகும் கூர்மை அப்படியே இந்தச் சிறிய தாளில் இருக்கும். முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி லாபுக்குப் போகிறவர்களுக்கு இது மிச்சப்படுத்தும் அலைச்சல் கொஞ்சமல்ல.

பழைய படங்கள்

எங்கள் ஊர்களில் அல்பங்கள் இடப்பெயர்வோடு போய்விட்டன. அடையாள அட்டைப் படமோ, யாரோ ஒரு உறவினரிடம் மிஞ்சிய சிறிய பிரதியோதான் பெருப்பித்துச் சட்டம் போட வருகிறது. இரண்டு அங்குலப் படமானால் அங்குலத்துக்கு 1200 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். போனால் எடுப்பதானால் பிளாஷ் இல்லாமல் வெளி நிழலில், நேர் மேலிருந்து. தாளின் சொரசொரப்பும் கீறலும் முகத்தைவிட முந்திக் கூர்மையாகும் என்பதால், நகல் லேயரை முழுதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கண், புருவம், உதட்டில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் திறந்துவிடுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகளை இந்தப் படங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. அவை இல்லாத கண்ணையும் பல்லையும் தாமே கற்பனை செய்கின்றன. தாய்க்குத் தெரிந்த முகம் மாறிவிடும். மங்கலாக இருந்தாலும் அவர்தான் என்றிருப்பது மேல்.

லாபில்

ஜேபெக், தரம் 95. பென் டிரைவில் அளவுக்கு ஒரு கோப்புறை. கோப்புப் பெயர்கள் வெறும் இலக்கங்களாக இருக்கட்டும். பென் டிரைவில் பிரதிகளை மட்டும் கொண்டுபோங்கள், திரும்பி வரும்போது வைரசும் கூட வரலாம். முக்கியமாக, தானியங்கித் திருத்தமும் கூர்மையாக்கலும் வேண்டாம் என்று வாயால் சொல்லி, சிட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தடவை கூர்மையாக்கிய முகம் கல்லில் செதுக்கியதாக வரும்.

பிரிண்டை வாங்கியதும் உள்ளே டியூப் லைட்டின் கீழ் பார்த்து முடிவெடுக்காமல், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாப் படங்களிலும் ஒரே நிறம் மிகுந்திருந்தால் லாப்காரரிடம் சொல்லலாம், பெரும்பாலும் மீண்டும் அடித்துத் தருவார்கள். விளிம்புகளில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது உங்கள் கணக்கு. நகல் லேயரின் ஒபாசிட்டியைப் பாதியாக்கி அடுத்த முறை கொடுங்கள்.